ஒரே வரிசையில் அமரும் பந்தி

நெய்வேலி நகரியத்தில் குடியிருக்கும் ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. அவளுடைய தாய்வீடு நாகர்கோவில் பக்கம் இருந்தால், தாய் புறப்பட்டு வந்து சேர ஓர் இரவு முழுதும் ஆகும். அந்த இரவிலேயே வலி எடுத்துவிட்டால் மூத்த பிள்ளையை யார் கையில் ஒப்படைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போவது? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் குடும்பம் நிம்மதியாகத் தூங்கும். பதில் இல்லாத குடும்பத்தில் சம்பளம் எவ்வளவு வந்தாலும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்பதே இந்த மாதப் பாடம்.

நெய்வேலிக்கு இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஒரு பொருள் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். வட்டம் வட்டமாக வீடுகள் எழுந்தன. குமரி, நெல்லை தொடங்கி எல்லா மாவட்டத்தாரும், வெளி மாநிலத்தாரும் வேலை தேடி வந்து குடியேறினார்கள். அதே வேளையில், தலைமுறை தலைமுறையாக அங்கே முந்திரியும் பலாவும் வைத்திருந்த ஊர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் பெயர்ந்தன. வந்தவர் சொந்தபந்தத்தை ஊரில் விட்டு வந்தார். பெயர்ந்தவருக்கோ ஊரே கலைந்துபோனது. இரு சாராருக்கும் இழப்பு ஒன்றுதான்.

சொந்த ஊரில் ஒரு வீட்டில் இடி விழுந்தால் தாய்மாமன் வருவார், அத்தை வருவாள், பங்காளிகள் திண்ணையில் கூடுவார்கள். அவர்கள் கூடுவதில் சண்டையும் உண்டு, குத்தலும் உண்டு. ஆனாலும் அன்றிரவு அந்த வீட்டில் உலை கொதிக்கும். வந்தேறிய ஊரில் அந்த உலையை வைப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவர் எந்தச் சாதி, எந்த ஊர், எந்தக் கோவில் என்று பார்க்க ஆரம்பித்தால் உலை ஏறாது.

முத்திரிக்கிணற்றின் பாடம்

அய்யா வைகுண்டர் மக்கள் நடுவே இருந்த காலத்தில் திருவிதாங்கூரில் ஒரு கிணற்றுத் தண்ணீர்கூட எல்லோருக்கும் பொதுவாக இல்லை. தாழ்த்தப்பட்ட மக்கள்மேல் வரிமேல் வரி. கூலி இல்லாத ஊழிய வேலை வேறு. அந்த நாளில் சுவாமித்தோப்பில் முத்திரிக்கிணறு எழுந்தது. பல சாதியாரும் ஒரே கிணற்றில் நீராடி, ஒரே பந்தியில் உண்டார்கள். அதன்பின் 700 குடும்பத்தார் கடற்கரையில் ஒன்றாகத் தங்கித் துவையல் தவசு இருந்தார்கள். மூன்று வேளை குளித்து, உடுத்த துணியைத் துவைத்து, ஒரு வேளை சைவ உணவு உண்டு வாழ்ந்தார்கள். அந்தத் துவையல் பந்தியைப் பக்தியின் கண்ணால் மட்டும் பார்ப்பவர்கள் அதில் இன்னொன்று இருந்ததைக் கவனிக்கத் தவறுகிறார்கள். எங்கெங்கோ சிதறிக் கிடந்த குடும்பங்கள் ஒன்றின் பாரத்தை மற்றொன்று சுமக்கப் பழகிய இடம் அது. பின்னாளில் ஊர்தோறும் எழுந்த நிழல்தாங்கல்களும் வழிபாட்டோடு நிற்கவில்லை. பசித்தவருக்கு அங்கே சோறு கிடைத்தது. பிள்ளைகளுக்கு எழுத்தும் கிடைத்தது.

இந்தப் பாடத்துக்கு வேண்டிய அளவுகோல் அந்தப் பந்தியிலேயே இருக்கிறது. சமபந்தியில் இலை போடுபவரும் இலைமுன் அமருபவரும் அடுத்த நாள் இடம் மாறிக்கொள்ளலாம். இன்று வாங்கியவர் நாளை கொடுப்பார். அப்படி இடம் மாற வழியிருக்கும் உதவிதான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும். வாங்குகிறவர் என்றைக்கும் வாங்குகிறவராகவே இருந்தால் வயிறு நிறையும், தலை குனிந்துவிடும். தமிழ்நாட்டில் குடும்பங்களைத் தாங்கிய சில ஏற்பாடுகளை இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்.

நெய்வேலிக்குப் பக்கத்திலேயே வடலூர் இருக்கிறது. 1867 மே 23-இல் வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. சாலைக்கு நிலம் கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்களே. ஏறத்தாழ 80 காணி என்பார்கள். விளைந்ததில் ஒரு பங்கை மூட்டை கட்டிக் கொண்டுவரும் உழவர்கள் இன்றும் உண்டு. உண்ண வந்தவரிடம் சாதியோ ஊரோ கேட்பதில்லை. ஊர்க்காரர்களின் கைகள் சேர்ந்து 150 ஆண்டுக்கு மேலாக ஓர் அடுப்பைக் காத்து வந்திருக்கின்றன.

ஆனால் தருமச்சாலைக்கு நடந்து வருகிறவர் பசியை மறைக்காதவர். எல்லாக் கஷ்டமும் அப்படி வெளியே நடந்து வருவதில்லை. கணவன் சம்பளத்தைக் குடித்துவிட்டு வந்த வீட்டுப் பெண் எந்தச் சாலைக்கும் போய் நிற்கமாட்டாள். எடை ஏறாத குழந்தையின் தாய்க்கு, தன் பிள்ளை நோயில் இருக்கிறது என்பதே தெரியாது; ஒல்லிவாகு என்று நினைத்துக்கொள்வாள். வட்டி கட்ட முடியாதவர் கதவைச் சாத்திக்கொள்வார். இவர்களுக்கெல்லாம் கதவைத் தேடி வருகிற கை வேண்டும்.

தேடி வந்த கைகள்

அப்படிப்பட்ட கை ஒன்று 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் நீண்டது. உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. திட்டம் பெரிய இடத்தில் போடப்பட்டதுதான். ஆனால் நடத்தியவள் அந்த ஊர்ப்பெண். ஊட்டச்சத்துப் பணியாளராக யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. ஏழையாக இருக்கவேண்டும், ஆனால் அவளுடைய பிள்ளை நல்ல போஷாக்கோடு இருக்கவேண்டும். படித்த அதிகாரி வந்து ஆயிரம் சொன்னாலும், "அவங்களுக்கு என்ன, காசு இருக்கு" என்று தாய்மார்கள் தள்ளிவிடுவார்கள். தன்னைப்போலவே கூலிக்குப் போகிற ஒருத்தி, அதே ரேஷன் அரிசியில் பிள்ளையைத் தேற்றியிருப்பதைப் பார்த்தால் மறுபேச்சு இல்லை.

ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை மாதம் ஒருமுறை எடைபோட்டார்கள். எடையை அட்டையில் புள்ளி வைத்துத் தாய்க்குக் காட்டினார்கள். கோடு ஏறினால் சரி. ஏறாமல் நின்றால் மட்டும் அந்தக் குழந்தைக்குத் தினமும் சத்துருண்டை, 90 நாளைக்கு. தேறியதும் நிறுத்திவிடுவார்கள். எல்லோருக்கும் எப்போதும் கொடுக்காமல், தேவைப்படும் வீட்டுக்குத் தேவைப்படும் நாள்வரை கொடுத்தார்கள். சோற்றைவிட அந்த அட்டைதான் பெரிய உதவி என்று சொல்லவேண்டும். குழந்தை எலும்பும் தோலும் ஆன பிறகு பதறுவதற்குப் பதிலாக, கோடு தட்டையாகும்போதே தாய் விழித்துக்கொண்டாள். ஊர்ப்பெண்கள் குழுவாகச் சேர்ந்து அக்கம்பக்கத்துத் தாய்மாருக்கும் எடுத்துச் சொன்னார்கள். கடுமையான சத்துக்குறைவு கண்கூடாகக் குறைந்ததால், பிற நாட்டார் வந்து பார்த்துப் பாடம் எடுத்துக்கொண்ட திட்டம் இது. பின்னர் அங்கன்வாடிகளோடு சேர்ந்துவிட்டது. இன்றைக்கும் அங்கன்வாடியில் எடை பார்க்கும் தராசைக் கண்டால், அன்றைய கூலிக்காரத் தாய்மாரை நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மகளிர் சுய உதவிக் குழு. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கின. பிறகு மகளிர் திட்டமாக மாநிலம் முழுதும் பரவியது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் கூடுவார்கள். முதலில் சேமிப்பு, அதன்பிறகே கடன். ஊக்குநர் ஒருத்தி, பிரதிநிதிகள், தீர்மானப் புத்தகம், எல்லோரும் பார்க்கும்படி எழுதிய கணக்கு. வாரம் பத்து ரூபாய் போட்ட பெண் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரி. அவள் கடன் கேட்கும்போது யாரிடமும் கையேந்தவில்லை. தன் பந்தியில் தன் முறைக்கு இலைமுன் உட்காருகிறாள். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், மாமியாருக்குக் கண் அறுவை, அடகில் மூழ்க இருந்த தாலிச் சரடு என்று அந்தச் சிறு கடன்கள் மீட்ட குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

இதற்கு ஒரு போலியும் உண்டு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் இதை எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும். நுண்கடன் நிறுவனங்கள் ஐந்தாறு பெண்களைச் சேர்த்துக் "குழு" என்று பெயர் வைத்து, சேமிப்பே இல்லாமல் கடன் கொடுக்கின்றன. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். அதனால் என்ன ஆகிறது? நேற்றுவரை குழம்பு கொடுத்து வாங்கிய பக்கத்து வீட்டுக்காரியே இன்று வாசலில் நின்று சத்தம் போடுகிறாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. கட்டாவிட்டால் அவள் தலையில் விழும். அயலாரின் பாசத்தையே வசூலுக்குக் கருவியாக்கிய ஏற்பாடு இது. இதனால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஆந்திரத்தில் 2010-இல் இதற்காகச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டம் 2025-இல் வந்தது. ஒரு குழுவில் சேருமுன் பெண்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி ஒன்றே: "கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது?" குழுவின் கையில் இருந்தால் அது பந்தி. வெளியே இருந்து பைக்கில் வருகிறவர் கையில் மட்டும் இருந்தால் அது வலை.

குடிக்கு வருவோம். ஷிப்டு வேலை, கைநிறையச் சம்பளம் அல்லது வயிற்றுக்குப் போதாத ஒப்பந்தக் கூலி, எதுவானாலும் சுரங்க ஊர்களில் இந்தப் பேய்க்கு இரை கிடைக்கிறது. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, போதை மீட்பு சிகிச்சையை மருத்துவமனைச் சுவருக்குள்ளேயே வைத்துக்கொள்ளவில்லை. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊரிலேயே முகாம் போட்டார்கள். இடம் உள்ளூர் அறக்கட்டளையுடையது. ஆள் சேர்த்ததிலும் முகாம் நடத்தியதிலும் ஊர்க்காரர்கள் கைகொடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் குடிநோயாளிகள் அங்கேயே தங்கினார்கள். குடித்தவனை மட்டும் பார்க்காமல் அவனுடைய மனைவியையும் வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். இதில் ஊருக்கு இருக்கும் பங்கு மிகப் பெரியது. மருந்து உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கும். ஆனால் திரும்பி வந்தவனை "வாடா, ஒரே ஒரு கட்டிங்" என்று கூப்பிடும் ஊரா, "வா, டீ குடிக்கலாம்" என்று கூப்பிடும் ஊரா என்பதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது.

நகரியத்தின் உள்ளும் வெளியும்

நெய்வேலி நகரியத்துக்குள் வீடும் தண்ணீரும் பள்ளியும் மருத்துவமனையும் நிறுவனத்தின் ஏற்பாடு. அகன்ற சாலை, நிழல்தரும் மரம். அதனாலேயே அங்கே அயலாரின் தேவை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்சாரம் ஊருக்கே கொடுக்கும் ஊர் இருட்டில் கிடந்தது. சுற்றுக் கிராமங்களில் முந்திரியும் பலாவும் அழிந்தன. ஒரு பலா மரம் காய்க்க எத்தனை ஆண்டாகும் என்று தெரிந்தவர்களுக்கே அந்த இழப்பின் அளவு தெரியும். அப்படிப்பட்ட நாட்களில்தான் எதிர்வீட்டுக்காரரின் பெயரையே பலர் முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு சொல். குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண் மந்தாரக்குப்பம் பக்கமிருந்தோ இடம்பெயர்ந்த ஊர் ஒன்றிலிருந்தோ வருகிறாள். அவளுடைய கணவர் அதே சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினரே இன்கோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஒப்பந்ததாரரை நம்பி இருக்கிறார்கள். அவள் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கார அம்மாவுக்குக் கோபம் வருகிறது. ஏன் வரவில்லை என்று மூன்றாம் நாள் கேட்கிற வீடுகள் எத்தனை? பழைய சட்டை, தீபாவளிக்கு ஒரு சேலை என்று கொடுப்பது நல்லதுதான். ஆனால் அவளுடைய மகள் பத்தாம் வகுப்போடு நிற்கப்போகிறாள் என்பதைத் தெரிந்துகொண்டு, மேலே படிக்க எந்த விடுதியில் இடம் உண்டு, எந்த உதவித்தொகைக்கு எழுதிப்போடவேண்டும் என்று உடனிருந்து செய்வது அதைவிடப் பெரிய கொடை. அதற்குப் பணமே செலவில்லை. வங்கி விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர் நகரியத்தின் எல்லா வட்டத்திலும் இருக்கிறார். பதிலுக்கு அவளிடமும் கற்றுக்கொள்ள இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட, தாய்வீடு தூரமாகிப்போன இளம்பெண்ணுக்கு அவளைவிட நல்ல துணை யார்?

வெளியே உள்ள கிராமங்களில் கைகள் பல இருக்கின்றன. அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பு, பள்ளித் தலைமையாசிரியர் என்று. 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் குழுப் பெண்களே வீடுவீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். குறை எங்கே என்றால், ஒரு கைக்கு இன்னொரு கை என்ன செய்கிறது என்று தெரிவதில்லை. குழந்தையின் எடை குறைந்தது அங்கன்வாடிக்குத் தெரியும்; அந்த வீட்டில் தவணை நிலுவை இருப்பது குழுவுக்குத் தெரியும்; மூத்தவன் பள்ளிக்கு வரவில்லை என்பது வாத்தியாருக்குத் தெரியும். மூன்றும் ஒரே வீட்டின் ஒரே கஷ்டம். மாதத்தில் ஒரு நாள் இந்த மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்தால் போதும், அந்த வீடு தெரிந்துவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அக்கம்பக்கத்தின் கண் காப்பதும் உண்டு, கட்டிப்போடுவதும் உண்டு. எந்தப் பெண் யாரோடு பேசினாள் என்று கணக்கு வைக்கும் தெருவும் தன்னை "நலம் நாடும் தெரு" என்றே சொல்லிக்கொள்ளும். கேட்டதை வெளியே சொல்லாத நாக்கு இல்லாதவர் இந்தப் பணிக்கு வரவேண்டாம். அதுபோல, அடிபட்ட பெண்ணைச் "சமாதானம்" பேசி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் உதவி ஆகாது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் இருக்கின்றன. பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றால் முதலில் செய்யவேண்டியது அந்த 1098-ஐ அழைப்பது. உறவு கெட்டுவிடுமே என்று தயங்கினால் அந்தப் பிள்ளையின் வாழ்வுதான் கெடும்.

நகரியத்துக்கே உரிய இன்னொரு துயரம் உண்டு. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். முப்பது ஆண்டு எதிரெதிர் வீட்டில் இருந்து, பிள்ளைகளை மாறி மாறி வளர்த்த இரண்டு குடும்பங்கள் ஒரே மாதத்தில் பிரிந்துபோகின்றன. சிலர் சொந்த ஊருக்கு, சிலர் சென்னைக்கு, பலர் இந்திரா நகர், வடக்குத்து, வடலூர் என்று பக்கத்திலேயே. பிள்ளைகள் வெளிநாட்டில். அறுபது வயதுக்கு மேல் மறுபடியும் அயலார் முகம் தெரியாத புதுத்தெரு. முதலில் சொன்ன பெண்ணின் கேள்வியே வேறு உருவில் அங்கே வந்து நிற்கிறது: நடுராத்திரியில் அவருக்கு நெஞ்சு வலித்தால் அந்த அம்மா யாரைக் கூப்பிடுவாள்?

ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடைக்கும் ஏடு வாசிப்புக்கும் கூடுகிற அன்பர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். காணிக்கைக் கணக்குக்கு அல்ல. எந்த வீட்டில் நிறைமாதம், எந்த வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள், யாரிடம் இரவில் எடுக்க வண்டி இருக்கிறது, யாருடைய இரத்தம் எந்த வகை, இந்த மாதம் ஓய்வு பெற்றுப் போனவர்கள் எந்தத் தெருவுக்குப் போனார்கள் என்று எழுதிவைக்கலாம். கூடுபவர் அல்லாத அண்டை வீட்டாரின் பெயரும், முஸ்லிம் வீடும், கிறிஸ்தவ வீடும், பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணின் வீடும் அதில் இருக்கவேண்டும். எழுதுகிறவர் தம் வீட்டின் கஷ்டத்தையும் அதில் எழுதவேண்டும். மற்றவர் குறையை மட்டும் எழுதும் புத்தகத்தை யாரும் நம்பமாட்டார்கள். அன்னதானம் முடிந்து இலை எடுத்தபின் பத்து நிமிடம், அந்தப் பாயிலேயே உட்கார்ந்து, போன வாரப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிட்டு எழுந்திருந்தால் போதும். வடக்குத்துக்குப் போன அந்த வயதானவர்களின் வீட்டுக்கு இந்த வாரம் யார் போகிறார்கள் என்று பெயர் எழுதிய பிறகு எழுந்திருக்கவேண்டும்.

அய்யா உண்டு